சாக மறுக்கும் குடைமிளகாய்

"உமிக்கரி வரிசை எப்படிடா பொழைச்சுது?"

இளங்கோவன் கேட்டதும், அவனை ‘குரு’ என்றே கூப்பிடும் சக ஊழியன் நரேஷ் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

நேற்று மாலை அந்தக் குடைமிளகாய் நாற்றுகள் துவண்டு கிடந்தன. இன்று புது மாப்பிள்ளை போல் நிமிர்ந்து நிற்கின்றன.

"தண்ணி ஊத்திருப்பாங்க. டீ குடிக்கிறியா குரு?"

கேட்காமலே டீ. சந்தேகம் உறுதியானது.

நாற்று வளர்க்க வெளிநாட்டிலிருந்து வரும் பீட் என்ற மட்கு மண்ணின் விலை ஏறிவிட்டது. அதற்குப் பதிலாகத் தென்னை நார்த்தூள், மண்புழு உரம், உமிக்கரி, இவற்றில் எது தேறும் என்று நர்சரியின் பசுமைக் குடிலில் பீட்டோடு சேர்த்து வளர்த்துப் பார்ப்பது இளங்கோவன் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் அந்த வேலை நரேஷ் கைக்குப் போய்விடும். மனைவி இறந்தபின் இளங்கோவனுக்கு மிச்சம் இந்த நாலு வரிசைதான். அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள். அவன் வந்தாலே எல்லோரும் பேச்சை நிறுத்துவது வேறு எதற்காம்?

கதவுக்குப் பூட்டு போட்டான். மறுநாள் மண்புழு உர வரிசையும் கொழுத்தது.

பெயர் அட்டைகளைப் பிடுங்கிவிட்டு, தனக்கு மட்டும் புரியும் எண்களை நட்டான். எதிரி அசரவில்லை. நாலு வரிசையும் ஒரே உயரத்தில் நின்றன. இனி முடிவென்று சொல்ல எதுவுமில்லை.

மேனேஜர் பார்கவியிடம் போனான்.

"மேடம், யாரோ என் டிரையலைக் கெடுக்கிறாங்க."

"செடி நல்லாத்தானே இருக்கு?"

"அதான் மேடம் கம்ப்ளெயின்ட்டே!"

அவள் கண்ணாடியைத் துடைத்தாள். "சாப்டீங்களா, இளங்கோவன்?"

மேடமும் கூட்டு.

கடைசி ஆயுதம், கழுவாத நார்த்தூள். உப்பு ஊறியது, எந்த நாற்றும் தாங்காது. ஒரு வரிசை நட்டான். இரண்டாம் நாள் இலைகள் கருகின. நிம்மதியாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினான்.

பூட்டு திறந்தது. முன்னால் மாற்றுச் சாவியோடு பார்கவி. பின்னால் தளதளவென்ற நாற்றுத் தட்டோடு நரேஷ். கடைசியில் குழாயோடு, செடிகளுக்குத் தண்ணீர் விடும் எல்லம்மா. கருகியதைப் பிடுங்கி, நல்லதை நட ஆரம்பித்தார்கள்.

"மாட்டுனியா!" இளங்கோவன் பாய்ந்தான். "என் வேலை வேணும்னா நேராவே கேட்டிருக்கலாமே!"

நரேஷ் தட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "இல்ல குரு... சும்னே... சும்மாதான்..."

பார்கவி சாவியைக் கைக்குள் மறைத்தாள்.

எல்லம்மாதான் குழாயைக் கீழே போட்டுவிட்டு வாய் திறந்தாள்.

"உங்க வேலை யாருக்கு சார் வேணும்? பொண்டாட்டிய வாரிக் குடுத்துட்டு வந்த மனுசன், இங்கயும் ஒண்ணு சாகறதப் பாக்கக் கூடாதுன்னு நாங்க மூணு பேரும் நர்சரியவே காலி பண்ணிக்கினு இருக்கோம்!"