அண்ட்ரோமீடாவில் தேயிலைத்தூள்

பொண்ணு கேட்டுப் போறவன் வாயை மூடிக்கிட்டுப் போகணும். நான் ஸ்லைட் மெஷினோட போனவன்.

அப்போ கண்டி டவுன்ல சயன்ஸ் டியூஷன் மாஸ்டர் நான். அங்கயே இங்கிலீஷ் படிப்பிச்ச மலருக்கும் எனக்கும் மனசு ஒத்துப்போச்சு. அவ அப்பா ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டத்துல, தேயிலை பெக்டரியில தூள் சலிக்கிற பகுதிக்குப் பொறுப்பு. "பையன் எப்பிடிப்பட்ட ஆளுன்னு பாத்துட்டுத்தான் முடிவு"ன்னுட்டார். தோட்டத்து ஸ்கூல்ல ஒரு விண்வெளிப் பேச்சு வச்சா மனுசன் அசந்துருவார்னு கணக்குப் போட்டேன். (அசந்தது உண்மை. ஆளுதான் மாறிப்போச்சு.)

மத்தியான நேரம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. சுவத்துல அண்ட்ரோமீடா, நமக்குப் பக்கத்துச் சுருள் கலக்ஸி. விஞ்ஞானிங்க பாக்கிற நெகட்டிவ் படம்: வானம் வெள்ளை, நட்சத்திரம் கறுப்பு.

"வெளி ஓரத்துல புள்ளி தெரியுதா? ஒவ்வொண்ணும் லட்சக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த உருண்டைக் கொத்து!"

குச்சியால தட்டித் தட்டி அறுபது எண்ணிட்டேன். மலரோட அப்பா எந்திரிச்சு சுவத்துக்கிட்ட வந்தார்.

"தம்பி, இது எங்க தூளு."

"இல்லீங்கய்யா, நட்சத்திரக் கொத்து..."

"முப்பது வருசமா சலிக்கிறேன். டஸ்ட் நம்பர் ஒன், ஆகப் பொடிசான ரகம். படத்த எதுல கொண்டாந்தீங்க?"

துணிப்பையில. போன வாரம் மலர் எனக்குத் தேயிலை கொண்டாந்து குடுத்த அதே பை.

ஸ்கூலே சிரிச்சுச்சு. மலர் மூஞ்சியைப் பொத்திக்கிட்டா. அவர் ஸ்லைட்டை உருவி 'பூ'ன்னு ஒரே ஊது ஊதித் திரும்பச் சொருகினார். அண்ட்ரோமீடாவோட ஓரமே காலி. கல்யாணமும் சேர்ந்து பறந்துச்சுன்னு நான் வயரைப் புடுங்கப் போனேன்.

"இருங்க தம்பி. இந்த மூணு புள்ளியும் போகலியே. தூளுன்னா ஓரம் கோணலா இருக்கும். இது உருண்டை. ஓரம் பஞ்சு மாதிரி."

ஸ்லைட்டோட வந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டினேன். அதே மூணு எடத்துலயும் வட்டம் போட்டிருந்துச்சு. எத்தனை தடவை படிச்சிருப்பேன்! கண்ணால பாத்தது அன்னைக்குத்தான்.

"ஐயா, இந்த வெளிச்சம் கெளம்பி இருபத்தஞ்சு லட்சம் வருசம். அப்போ இந்த மலையில தேயிலையும் இல்ல, மனுசனும் இல்ல."

அவர் தொடப் போன விரலைப் பின்னால இழுத்துக்கிட்டார்.

வாசல்ல வச்சுச் சொன்னார்: "பொண்ணு தாறேன். பாக்கத் தெரியாத ஆளுக்குத் துணைக்கு ஒரு ஆளு வேணும்ல."

இப்பவும் நான் எதையாச்சும் அளந்து விட்டா, மலரும் புள்ளைங்களும் சேர்ந்து 'பூ'ன்னு ஊதுறாங்க. மாமா மட்டும் ஊத மாட்டார். சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவுறப்போ மெதுவாக் கேப்பார்:

"மாப்ள, அந்த மூணும் இன்னும் இருக்குமா?"

"இருக்கும் மாமா."

அதுக்கு யாரும் ஊதுறதில்ல.