அண்ணாச்சியின் ஹெட்போனில் நான் அடைத்த பஞ்சு

நன்றாக இருக்கும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். கெட்டுப்போனதைச் சரிசெய்வது வெறும் மெக்கானிக் வேலை, நன்றாக இருப்பதை இன்னும் நன்றாக்குவதுதான் மேதையின் வேலை என்று இருபத்திரண்டு வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். (தபால் வழியில் ரேடியோ படித்துச் சான்றிதழ் வாங்கியவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்?)

அறுபதுகளின் கடைசி. தாராவியில் அண்ணன் வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். செம்பூரில் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி எங்கள் ஊர்க்காரர். அவர் கடை வாசலில் ஒரு மேசை போட்டு ரேடியோ ரிப்பேர் ஆரம்பிக்க இடம் கேட்கலாம் என்று அண்ணன் என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

நாங்கள் போனபோது அண்ணாச்சி தலையில் ஹெட்போனோடு ரேடியோகிராம் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அந்த ஹெட்போன், கப்பலில் வேலை பார்க்கும் அவர் மச்சினன் செல்வம் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்தது. கூடவே நாலு பேண்டு வாத்திய இசைத்தட்டுகள்.

"ரெண்டு காதுக்கும் தனித்தனியா சத்தம் வரும், தெரியுமால? இந்தப் பக்கம் வயலினு, அந்தப் பக்கம் டிரம்மு. ஏக்தம் ஃபஸ்ட் கிளாஸ்!"

நான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "சாமான் நல்ல சாமான்தான் அண்ணாச்சி. ஆனா பாஸ் கம்மி." (அதைக் காதில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. டிரம் மாதிரிக் கனத்த சத்தத்துக்குப் பெயரான பாஸ் என்ற சொல்லே அந்த வாரம்தான் நடைபாதையில் வாங்கிய பழைய ஆங்கிலப் பத்திரிகையில் படித்தது.)

அதுவரை ஒரு குறையும் தெரியாமல் இருந்த மனிதரின் முகம் வாடிவிட்டது. "நானும் நெனச்சேம்ல, என்னமோ கொறையுதேன்னு."

"ஒரு வாரம் குடுங்க. பெரிய கச்சேரி மண்டபத்துல உக்காந்து கேக்க மாதிரி ஆக்கிருதேன்."

"ஆக்கிட்டன்னா கடை வாசல்ல மேசை உனக்குத்தாம்ல."

அண்ணன் பெருமையோடு என்னைப் பார்த்தார். அதுதான் கடைசி முறை.

தாராவியில் தோலுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஆட்டுத்தோல் துண்டில் காதுக்கு மெத்தை தைத்தேன். அண்ணன் தலையணையைக் கிழித்து இலவம் பஞ்சை எடுத்து மெத்தையிலும் அடைத்தேன், ஹெட்போன் கிண்ணங்களுக்குள்ளும் திணித்தேன். குடைக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சி முதுகுப்புறம் ஓட்டைகள் போட்டேன். தலைமுடி மாதிரி இருந்த ஒயரைப் பார்த்து, 'ஜெர்மன்காரனுக்கு என்ன கஞ்சத்தனம்' என்று தடித்த ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மூடுவதற்கு முன் ஒயர் நுனியைப் பேட்டரிக் கட்டையில் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 'டிக்' என்றது. மூடினேன். மூடிய பிறகும் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கே கூப்பிட்டிருந்தார்கள். செல்வமும் கப்பலிலிருந்து வந்திருந்தார். அண்ணாச்சி மாட்டிக்கொண்டு, இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுக் கண் கலங்கினார்.

"டிரம்மு முன்னால தூரத்துல இருந்திச்சு. இப்ப மடியில வந்து உக்காந்துட்டு!"

மேசையை வாசலில் எந்தப் பக்கம் போடலாம் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். அதற்குள் செல்வம் வாங்கி மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"மச்சான், இடது பக்கம் சத்தமே வரல."

"கப்பல் இன்ஜின் உன் காத அடிச்சுட்டு."

செல்வம் ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்த்தார். "இப்ப வலது காதுல கேக்கல. அப்ப கோளாறு காதுல இல்ல, இதுலதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. பஞ்சை அமுக்கி மூடியபோது ஒரு பக்கத்து ஒயர் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. அண்ணாச்சிக்கோ கோபம். "பக்வாஸ்! உளறாத! குடு இங்க!" என்று பிடுங்கி, திருப்பிய வாக்கிலேயே மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். தலை ஆடியது. விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டன.

செல்வம் மெல்லப் போய், இசைத்தட்டிலிருந்து முள்ளைத் தூக்கினார்.

தாளம் நிற்கவில்லை. "ஆகா! ரெண்டு பக்கமும் ஜோரா கேக்கு!"

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்த அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கு மதினி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, அண்ணாச்சியின் இடது காதிலிருந்து மட்டும் ஹெட்போனை விலக்கி, அந்தக் காதில் வாயை வைத்து நிதானமாகச் சொன்னார்: "எங்க அம்மா அடுத்த வாரம் வாறா. ஆறு மாசம் இருப்பா. சம்மதந்தான?"

"பிரமாதம்!" என்றார் அண்ணாச்சி, கண்ணைத் திறக்காமல்.

இடது காது அவருக்குக் கேட்காது. வலது காதில் என் பஞ்சு மெத்தை ஒரு துளிச் சத்தத்தைக்கூட விடவில்லை. நான் செய்த வேலையில் சரியாக வேலை செய்தது அது ஒன்றுதான்.

மதினி அழவில்லை, சிரிக்கவும் இல்லை. பன்னிரண்டு வருடமாக இடது பக்கம் உட்கார்ந்து தான் பேசியதெல்லாம் எங்கே போயிற்று என்று கணக்குப் போடுகிற மாதிரி நின்றார். பிறகு, "இந்த மனுசன் என்னைய மதிக்கலன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

மாமியார் வந்தார். ஆறு மாதம் இருந்தார். மேசையும் கிடைத்தது. அண்ணாச்சி தரவில்லை, மதினி போட வைத்தார். அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடி என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும், "நல்லா ஓடுத ரேடியோவ மட்டும் அவன்ட்ட குடுத்துராதிய" என்பார்.

இந்தக் கதை கல்யாணத்துக்கு முன்பே என் மனைவியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றும் நான் பேப்பருக்குப் பின்னால் பதில் சொல்லாமல் இருந்தால், "எந்தக் காதுல சொல்லணும்?" என்று கேட்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு இரண்டு காதும் மிக நன்றாகக் கேட்கும். அது அவளுக்குத் தெரிந்துபோனதுதான் என் கஷ்டம்.