கல்யாணச் சுவரைத் தோசை வார்த்த கதை

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் பெற்று என்னிடம் விட்டது. ஐந்தும் தாராவியில் ஒரே அறையில் என் தோசையைத் தின்று வளர்ந்தவை. ஒரு பிள்ளையாவது என் தோசையைக் குறை சொன்னதில்லை (சொன்னால் அடுத்த தோசை வராது). எழுபத்து மூன்று வயதில் நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. தெரியாத வேலையில் மனுஷி ஜாக்கிரதையாக இருக்கிறாள். அவளைத் தலைகுப்புறக் கவிழ்ப்பது நன்றாகத் தெரிந்த வேலைதான்.

என் கடைசி மகள் செல்வி ஒரு சுற்றுலா ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சாதாரணச் சுற்றுலா இல்லையாம், மண்ணையும் மரத்தையும் கெடுக்காத சுற்றுலாவாம். பணம் உள்ளவர்கள் காலையில் ஏசி அறையிலிருந்து கிளம்பி ஆதிவாசிகள் ஊருக்குப் போவார்கள். மரத்தைக் கட்டிப் பிடிப்பார்கள். கேழ்வரகு ரொட்டி தின்று, “இதுதான் வாழ்க்கை” என்பார்கள். சாயங்காலம் அந்த வாழ்க்கையை அங்கேயே விட்டுவிட்டு ஏசி அறைக்குத் திரும்பிவிடுவார்கள்.

செல்வி அதுவரை இன்னொருவருக்குத் துணையாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் தடவை முதல்முறையாக அவளே தனியாகக் கூட்டிப்போக வேண்டும். நல்லபடியாக முடிந்தால் சனிக்கிழமைப் பயணம் எல்லாம் இனி அவளுக்கே. சொதப்பினால் மறுபடி ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை. கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஆள் குறைந்தால் பயணம் ரத்து. செல்வி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“நா வாரேன்ட்டி,” என்றேன்.

அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. பயம் வந்தது.

“எம்மா, அங்க வந்து எதையும் தொடக்கூடாது. அவங்க குடுக்கதத்தான் சாப்பிடணும். பொட்டலம் கட்டிட்டு வரக்கூடாது. ‘எங்க ஊர்ல இப்படி இல்ல’ன்னு சொல்லவே கூடாது.”

“நான் என்னைக்குட்டி சொன்னேன்?”

“போன வாரம் மாதுங்கா கோயில்ல, அய்யர்கிட்டயே சொன்ன.”

(சுண்டலில் தேங்காய் போடாவிட்டால் சொல்லாமல் என்ன செய்வது.)

அவள் பேச்சைக் கேட்டு நான் சோறு எதுவும் கட்டவில்லை. கொஞ்சம் உப்பும், மிளகாய்ப் பொடியும், ஒரு சின்னப் புட்டியில் நல்லெண்ணெயும் மட்டும் பையில் போட்டுக்கொண்டேன். அது சாப்பாட்டில் சேராது, மருந்தில் சேரும்.

விடியற்காலை ரயிலில் தஹாணு போய், அங்கிருந்து ஜீப்பில் மலைப் பக்கம் போனோம். கூட வந்தவர்களில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார். எதைப் பார்த்தாலும் அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்பார். இன்னொருவர் செம்பூர் மாமி. பாலக்காட்டுக் குடும்பம், மகன் அமெரிக்காவில். மாமி வீட்டில் பிளாஸ்டிக்கே கிடையாதாம். ஆபீஸ் சார்பில் எல்லோருக்கும் ஒரு மூங்கில் பல்துலக்கி பரிசாகக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. நான் இருபது வருஷம் தாராவியில் பிளாஸ்டிக் தரம் பிரித்தவள். எல்லோரும் கிழித்துப் போட்ட உறையைப் பொறுக்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மாமி அதைப் பார்த்து, “செல்வி அம்மாவுக்கு எவ்வளவு அவேர்னெஸ் பாருங்கோ!” என்று எல்லோரிடமும் காட்டினார். அவேர்னெஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் மலை ஏறும்போது என் தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

அது வார்லி என்கிற ஆதிவாசி ஜனங்களின் ஊர். நாங்கள் போன வீட்டில் அன்று கல்யாணக் களை. வீட்டுக்காரி ஜானிபாய், என்னை விட இருபது வயது சின்னவளாக இருப்பாள். அவள் மகளுக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பொழுது சாயும்போது வருகிறார்கள். அதற்குள் சுவரில் படம் எழுதி முடித்தாக வேண்டும். சுவரில் தேவி வந்து உட்கார்ந்தால்தான் கல்யாணமே தொடங்குமாம். செம்மண் பூசிய சுவர் ஈரம் காய்ந்து தயாராக இருந்தது. ஒரு ஓரத்தில் வெள்ளையாக நாலைந்து கோடு மட்டும் போட்டிருந்தார்கள். இதை எல்லாம் செல்வி எங்களுக்கு விளக்கமாகத்தான் சொன்னாள். நான்தான் காதில் வாங்கவில்லை. என் கவனம் முழுக்க அடுப்படியில் இருந்தது.

பிறகு செல்வி எல்லோரையும் காட்டுக்குள் கூட்டிப் போனாள். என் முழங்கால் வர மறுத்தது. ஜானிபாயும் மற்றப் பெண்களும் குடத்தோடு ஆற்றுக்குப் போனார்கள். “ஆஜி, உட்காரு, வந்துவிடுகிறோம்,” என்றாள் ஜானிபாய். ஆஜி என்றால் மராட்டியில் பாட்டி. நானும் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்காருவது?

சுவருக்குப் பக்கத்தில் ஒரு மண்சட்டி. மேலே தேக்கு இலை போட்டு மூடியிருந்தது. திறந்து பார்த்தேன்.

மாவு.

வெள்ளை வெளேர் என்று அரைத்த அரிசி மாவு. பதம் கொஞ்சம் நீர்க்க இருந்தது. விரலால் தொட்டேன். இழுத்தது. அடடா, உளுந்து நன்றாகப் பொங்கியிருக்கிறது என்று நினைத்தேன். மோந்து பார்த்தேன், புளிப்பு இல்லை. பாவம், புளிக்கவைக்கத் தெரியாத ஜனங்கள். கல்யாண வேலையில் இவ்வளவு பேருக்கு அந்தப் பெண்கள் எப்போது சுட்டுப் போடுவார்கள்? பக்கத்திலேயே அடுப்பு, அதன் மேல் ரொட்டி சுடுகிற ஓடு. என் பையில் உப்பு, எண்ணெய், பொடி. இதை எல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது கடவுள்தான் என்று நினைத்தேன். (கடவுளை இதில் இழுத்தது தப்பு.)

சட்டிக்குப் பக்கத்தில் நுனி கடித்து நசுக்கிய மூங்கில் குச்சிகள் சில கிடந்தன. இவர்களுக்கும் மூங்கில் பல்துலக்கி கொடுத்திருக்கிறார்கள் போல என்று ஒதுக்கி வைத்தேன்.

முதல் தோசை ஓட்டை விட்டு வர மாட்டேன் என்றது. முதல் தோசை எப்போதும் அப்படித்தான். இரண்டாவதும் வரவில்லை. அது என் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. எண்ணெயை ஊற்றினேன். சிரட்டைக் கரண்டியைத் திருப்பிப் பிடித்துச் சுரண்டினேன். முட்டி போட்டு, பல்லைக் கடித்து, ஓட்டோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. பார்ப்பதற்குத் தோசைதான். தூக்கிப் பிடித்தால் கிழியவில்லை. செருப்புக் கடைக்காரன் பார்த்திருந்தால் விலை கேட்டிருப்பான். சட்டி வழித்துத் துடைத்து எல்லாவற்றையும் சுட்டு, இலையில் அடுக்கி, மிளகாய்ப் பொடியை எண்ணெயில் குழைத்து வைத்தேன்.

காட்டிலிருந்து பசியோடு வந்தார்கள். செல்வி அப்போது ஜீப்காரரோடு பேசிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தாள். தோசையைப் பார்த்ததும் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆதிவாசிச் சாப்பாடு என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. பாராட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மாமி ஒரு வாய் மென்றார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

“ஆஹா. மண் வாசனை வர்றது. நம்மாத்துல மிக்ஸில அரைச்சா இது வருமா?”

“நார்ச்சத்து ஜாஸ்தி,” என்றார் சார். “இப்படி மெல்றதே தாடைக்கு நல்ல எக்சர்சைஸ். இதனாலதான் இந்த ஜனங்களுக்கு சுகர் வர்றதில்ல.”

“நாமதான் எல்லாத்தையும் தொலைச்சுட்டோம் சார்,” என்றார் மாமி. கண் கலங்கியிருந்தது. (மிளகாய்ப் பொடி காரம் அப்படி.) எங்களோடு வந்த ஒரு பெண் தோசையைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்தாள். இந்த ருசி பல தலைமுறையாக வந்தது என்று போனில் அப்போதே எழுதிப் போட்டாளாம். அந்தத் தலைமுறை நான்தான்.

அப்போதுதான் ஜானிபாய் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மூங்கில் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். சட்டியைப் பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். எங்கள் இலைகளைப் பார்த்தாள்.

“என் ரங் எங்கே?” என்று கேட்டாள்.

ரங் என்றால் சாயம் என்று மும்பையில் எல்லோருக்கும் தெரியும். மாமி மெல்வதை நிறுத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதில் சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. நானும் இரண்டு தோசை தின்றிருந்தேன். என் பல் செட்டு மேலும் கீழும் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுபது வருஷமாக யாராலும் மூட முடியாத என் வாயை அந்தத் தோசை மூடிவிட்டது.

செல்வி ஓடி வந்தாள். “எம்மா! என்னம்மா செஞ்ச?”

“ம்ம்ம்,” என்றேன்.

சார் எழுந்து நின்றுவிட்டார். “இதுல என்ன கலந்திருக்கு? கேளும்மா! கெமிக்கலா?”

செல்வி கேட்டாள். அரிசி, தண்ணீர், கருவேலம் பிசின் என்றாள் ஜானிபாய். சுவரில் படம் உதிராமல் ஒட்டி நிற்பதற்குப் பிசினாம். எங்கள் எல்லோர் வாயிலும் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. செத்துப்போவோமா என்று மாமி கேட்டார். ஜானிபாய்க்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பு பலக்கப் பிசினில் உருண்டை பிடித்துக் கொடுப்பார்களாம். “பயப்படாதீர்கள், பால் நன்றாகச் சுரக்கும்,” என்று சாரைப் பார்த்துச் சொன்னாள்.

ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. சுவர் வெறுமையாக நின்றது. உள்ளே கல்யாணப் பெண் மஞ்சளோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே எட்டிப் பார்த்தவள் முகம் சுருங்கிப்போனது. படம் இல்லாத சுவருக்கு முன்னால் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாது. ஜானிபாயின் முகத்தைப் பார்க்கவே எனக்கு முடியவில்லை. செல்வி சுவரோரமாகத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். சனிக்கிழமை எல்லாம் அவள் கண்ணில் இருந்து ஒழுகுவது எனக்குத் தெரிந்தது.

வெட்கம் அப்புறம்தான் வந்தது. தாராவியில் வெள்ளிக்கிழமை தவறாமல் வாசலில் மாக்கோலம் போடுகிறவள் நான். அரிசியை அரைத்துப் படம் எழுதலாம் என்பது எனக்குத் தெரியாதா? அடுத்தவர் வீட்டு அடுப்பைப் பார்த்ததும், நம் வீட்டில் இருக்கிற அறிவு நம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

ஜானிபாய் அரிசியைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினாள். “ஆஜி, நீதானே தின்றாய். நீயே அரை.”

அரைத்தேன். மாமி அரிசி களைந்து கொடுத்தார். சார் சட்டையைக் கழற்றிவிட்டு உரலில் இடித்தார். எவ்வளவு நேரம் இடிக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டே இடித்தார். அரைத்து முடித்து வழிக்கும்போது என் கை தானாக உப்பைத் தேடியது. ஜானிபாய் கையில் ஓர் அடி போட்டாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். கல்யாணப் பாட்டில் அவர்கள் அந்தந்த நேரத்துக்கு வரி கட்டிக்கொள்வார்களாம். பேசுகிற மராட்டி எனக்குப் புரியும், பாட்டு புரியவில்லை. செல்வி எனக்கு அர்த்தம் சொல்ல மறுத்தாள். மாமிதான் கேட்டுக் கேட்டுச் சொன்னார்:

“மும்பைக்காரி வந்தாளாம், சோறு போட்டோம் வேண்டாமாம், மருமகன் வரும் சுவரை எடுத்து மடித்துத் தின்று போனாளாம்.”

மாப்பிள்ளை வீட்டுக் கொட்டுச் சத்தம் மலை அடியில் கேட்டபோது சுவரில் தேவி உட்கார்ந்துவிட்டாள். நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் எழுதியிருந்தார்கள். கல்யாணப் பெண் சிரித்தபடி வெளியே வந்தாள். நாங்கள் கிளம்பும்போது ஜானிபாய் என்னைக் கையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் இழுத்தாள். தேவி இருக்கும் கட்டத்துக்கு வெளியே, கீழே ஓர் ஓரத்தில், கொண்டை போட்ட ஒரு குட்டி மனுஷி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். கையில் வட்டமாக ஒன்று.

“இது நிலாவா?” என்று கேட்டார் சார்.

“தோசா,” என்றாள் ஜானிபாய்.

செல்விக்குச் சனிக்கிழமைகள் கிடைத்துவிட்டன. வந்தவர்கள் போனில் எழுதியதைப் படித்துவிட்டு மேலும் மேலும் ஆட்கள் வருகிறார்கள். “அந்த ஆதிவாசித் தோசை எப்ப தருவீங்க?” என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது கேட்கிறார். ஆதிவாசிகளிடம் தோசையே கிடையாது, அது எங்கள் அம்மா என்று ஒவ்வொரு தடவையும் செல்வி விளக்க வேண்டியிருக்கிறது. ஆபீஸ் கொடுக்கிற விதிமுறைக் காகிதத்தில், பூப் பறிக்காதீர், குப்பை போடாதீர் என்பதற்குக் கீழே இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: ‘ஊர்க்காரர்களின் சாயத்தைச் சமைக்காதீர்.’

எங்கள் வீட்டுக்காரர் இன்றுவரை விடவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தால், வாசலில் நிறுத்தி, “தம்பி, அந்த வாளிய உயரத்துல வைங்க. உங்க அக்கா சட்னி அரைக்கா,” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களும் இப்போது அதையே சொல்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது.

ஏட்டி ரேவதி, நான் சொல்லச் சொல்ல எழுதினாயே, இனி முதலிலிருந்து வாசி. மெதுவாக வாசி. உன் தாத்தா கண்ணை மூடிக்கொண்டுதான் படுத்திருக்கிறார், தூங்கவில்லை. தோள் குலுங்குகிறது பார்.