இருபது சீஸும் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிளும்

அறுபது வயதுக்குள் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் வாங்கியே தீருவது என்று எர்மேத்தே முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்ட அவருக்கு முழுச் சுதந்திரம் உண்டு. பணத்தைத் தொடத்தான் மனைவி நொரீனாவின் உத்தரவு வேண்டும்.

நொரீனாவுக்கோ மூன்று வருஷமாக ஒரே பாட்டு.

"சீஸ் கொட்டகைக் கூரை ஒழுகுதுங்க. எப்பதான் சரி பண்ணப் போறீங்க?"

"பணம் எங்கடி இருக்கு? எல்லாம் சீஸா உக்காந்திருக்கு!"

அது பொய்யில்லை. இத்தாலியில் ரெஜ்ஜோ பக்கத்தில் சீஸ் செய்கிற எல்லாரும் பணக்காரர்கள்தான். கையில் காசு மட்டும் இருக்காது. சீஸ் பழுக்க இரண்டு வருஷம் ஆகும். மாட்டுக்குத் தீனி இன்றைக்கே வேண்டும். அதனால்தான் அந்த ஊர் கூட்டுறவு பேங்க், நகையை வாங்குவது போல சீஸை அடகு வாங்குகிறது.

நொரீனா தங்கை வீட்டுக்குப் போன நாளாகப் பார்த்து, எர்மேத்தே வண்டிச் சக்கரம் மாதிரி கனத்த இருபது சீஸை பேங்க் கிடங்கில் இறக்கினார். பேங்க் ஆள் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றையும் தட்டி, காது கொடுத்துக் கேட்டான்.

"உள்ள ஓட்டை, வெடிப்பு எதுவும் இல்ல. கடன் எதுக்குங்க?"

மோட்டார் சைக்கிள் என்றால் சாயங்காலத்துக்குள் நொரீனா காதுக்குப் போய்விடும்.

"கூரை ரிப்பேருக்கு," என்றார் கூசாமல்.

"எட்டாயிரம் யூரோ. பத்து நாள்ல பாஸ் ஆயிடும்."

பத்து நாளும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு 'டுர்ர்ர்' என்று ஓட்டிப் பழகினார். பதினோராம் நாள் காலையில் தடதடவென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், கூரைமேல் கொத்தனார் குவால்த்தியேரோ ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா உன்னை வரச் சொன்னது?"

"பேங்க்தான்! மொத்தப் பணமும் என் கணக்குல வந்துடுச்சே!"

எர்மேத்தே சமையலறைக்குப் பறந்தார். நொரீனா நிதானமாக மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"பேங்க்லேருந்து போன் பண்ணாங்க. கூரைக்கடன்னா கூரை போடற ஆளுக்குத்தான் நேரா பணம் தருவாங்களாம். பேரு கேட்டாங்க, சொல்லிட்டேன். எனக்குத் தெரியாம இவ்வளவு நல்ல காரியமா?"

"எல்லாம் உனக்காகத்தான்," என்றார். ஆத்திரம் பேங்க் மேல் திரும்பியது. "அது சரி, இந்தத் துக்கடா பேங்க்குக்கு அவ்வளவு பணம் ஏது?"

"ஊர்க்காரங்க போட்டு வைக்கறதைத்தானே கடனாக் குடுக்கறாங்க! அதுல இருபது வருஷமா முட்டை வித்து நான் போட்டதும் இருக்கு. வட்டியை மாசாமாசம் ஒழுங்காக் கட்டிடுங்க, எனக்கு வரணும்."