புலிப்பாறையில் ஆன்லைன் வகுப்பு

ஒரு காட்டில் எல்லா வசதியும் இருந்தது, சிக்னலைத் தவிர.

காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், இந்தப் பக்கம் பிள்ளைகள். இரண்டு கரைக்கும் பாலமாக ஒரு மருதமரம் விழுந்து கிடந்தது. அந்த வருஷத்து வெள்ளம் அதையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பிள்ளைகள் குதித்தார்கள், பெற்றோர்கள் பதறினார்கள்.

சிங்க ராஜா உடனே ஒரு விழா வைத்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் அவர் பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு சிரிக்கும் படம் இருந்தது.

"இனிமேல் பள்ளிக்கூடமே உங்கள் கையில்!" என்று மந்திரி நரி முழங்கினார். பாம்புக்குட்டி ஒன்று தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

அந்தக் கூட்டத்தில் செவ்வந்தி என்ற புள்ளிமானும் அவள் மகள் அல்லியும் இருந்தார்கள். அல்லிக்குக் கணக்கு வராது. வகுப்பில் ஒருமுறை சொன்னதை டீச்சர் திரும்பச் சொல்ல மாட்டார். டேப்லெட்டில் ஏற்றி வைத்திருந்த பாடமோ எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொன்னது. ஒரே வாரத்தில் அல்லிக்குக் கழித்தல் பிடிபட்டுவிட்டது. ஆமைக்குட்டி பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக மற்றவர்களோடு சேர்ந்தே பாடத்தை முடித்தது.

ஆனால் அதே டேப்லெட்டுக்குள் விளையாட்டும் இருந்தது.

"அடியே அல்லி, புல்லு வாடுது. வந்து தின்னுட்டுப் போ."

"இதோம்மா, இந்த ஒரு ஆட்டம் மட்டும்."

புல் வாடிச் சருகானது. அல்லி தலை நிமிரவில்லை. ஒருநாள் மரக்கிளை முறிந்து பக்கத்திலேயே விழுந்தது. அதற்கும் நிமிரவில்லை. "எந்தப் பாவி கண்டுபிடிச்சானோ!" என்று செவ்வந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு நேரடி வகுப்பு ஆரம்பித்தது. வகுப்பெடுத்தவர் அக்கரையில் இருந்த மரகதம் டீச்சர். முள்ளம்பன்றி. நல்ல குரல், கண்பார்வை மட்டும் சுமார். தினமும் அட்டெண்டன்ஸ் எடுப்பார். வராதவர்கள் பரீட்சை எழுத முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இக்கரையில் சிக்னல் கிடைத்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது புலிப்பாறை. பாறைக்கு அடியில் இருந்த குகையில் வீரபத்திரன் என்ற புலி குடியிருந்தது. அந்தப் பாறைக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

"போகவேண்டாம்" என்றாள் செவ்வந்தி.

"போகலைன்னா பெயில்ம்மா."

செவ்வந்திக்குப் படிப்பும் வேண்டும், மகளும் வேண்டும். வெகுநேரம் யோசித்துவிட்டு, "நானும் வர்றேன். சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேளு" என்றாள்.

முயல், ஆமை, அணில், அல்லி எல்லோரும் ஓசைப்படாமல் பாறையில் ஏறி உட்கார்ந்தார்கள். செவ்வந்தி பக்கத்துப் புதரில் நின்றாள். திரையில் மரகதம் டீச்சரின் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"கேக்குதா? நான் பேசறது கேக்குதா? அல்லோ! கேக்குதான்னு கேக்கறேன்!"

கேட்டது. பாறைக்கு அடியிலும் கேட்டது. வீரபத்திரன் கொட்டாவி விட்டுக்கொண்டே மேலே ஏறி வந்து, பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றது. ஒருவரும் மூச்சு விடவில்லை.

"என்ன எல்லாரும் அப்படியே நின்னுட்டீங்க? நெட்வொர்க் பிரச்சினையா?" என்றார் டீச்சர். பிறகு மூக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். "பின்னால யாரு அது? புதுசா சேர்ந்த பையனா?"

புலி பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு திரையைப் பார்த்தது. "வீரபத்திரன்" என்றது.

"வகுப்புக்குக் கோடு போட்ட சட்டையெல்லாம் போட்டுட்டு வரக்கூடாது வீரபத்திரா. சரி, இதுக்குப் பதில் சொல்லு. ஆத்தங்கரையில ஒன்பது மான் மேயுது. அதுல மூணு போயிடுச்சு. மிச்சம் எத்தனை?"

"மிச்சம் எதுக்கு டீச்சர் வைக்கணும்?"

பயத்தையும் மீறி முயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தப்பு" என்றார் மரகதம் டீச்சர். "உக்காரு. நாளைக்கும் உன்னைத்தான் கேப்பேன்."

வீரபத்திரனுக்குக் காது மடல் சூடேறியது. பிறந்ததிலிருந்து யாரும் அதனிடம் தப்பு என்று சொன்னதில்லை. அதைச் சொல்லும் அளவுக்கு யாரும் பக்கத்தில் நின்றதும் இல்லை. அது சொன்னபடி உட்கார்ந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் அல்லியின் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டது.

"மிச்சம் எவ்வளவு?"

"ஆ... ஆறு."

"அது எப்படி உனக்குத் தெரியுது?"

அல்லி குளம்பால் கூழாங்கற்களை அடுக்கி, மூன்றைத் தள்ளிக் காட்டினாள். புலி நாலைந்து தரம் தானே தள்ளிப் பார்த்தது. ஒவ்வொரு தரமும் ஆறே வந்தது. அதன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து ஆமைகூடத் தலையை வெளியே நீட்டியது.

அன்றிலிருந்து வீரபத்திரன் தவறாமல் வகுப்புக்கு வந்தது. பிள்ளைகளும் தவறாமல் வந்தார்கள். ஏனென்றால் முதல் நாளே அது தெளிவாகச் சொல்லிவிட்டது:

"எவனாவது லீவு போட்டா வீடு தேடி வருவேன். பரீட்சை முடியறவரைக்கும் யாரையும் ஒண்ணும் பண்ணமாட்டேன். இப்பவே தின்னுட்டா எனக்கு வீட்டுப்பாடம் யார் எழுதிக் குடுக்கறது? பரீட்சை முடிஞ்சதும் பாத்துக்கலாம்."

விஷயம் தெரியாத மரகதம் டீச்சர் பூரித்துப்போனார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு அட்டெண்டன்ஸ் பார்த்ததே இல்லை!"

பரீட்சை நெருங்க நெருங்க எல்லாப் பிள்ளைகளும் படித்தார்கள், அழுதுகொண்டே படித்தார்கள். அல்லி தூக்கத்தில் உளறினாள். செவ்வந்தி மந்திரியிடம் போய் முறையிட்டாள். "டேப்லெட் கொடுப்பதுதான் திட்டம். புலி வேறு இலாகா" என்று நரி சொல்லிவிட்டார்.

பரீட்சைக்கு முந்தின நாள் வீட்டுக்குத் திரும்பிய செவ்வந்தி, புல்லை அள்ளி மகள் முன்னால் வைத்தாள். அல்லி பயத்தை மறக்க விளையாட்டைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. உலுக்கியதற்கும் பதில் இல்லை.

"பசின்னு ஒண்ணு இருக்கறதே இதுக்குத் தெரியலையே" என்று செவ்வந்தி புலம்பினாள். அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மகளின் கையிலிருந்து டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று புலிப்பாறைக்கு நடந்தாள்.

வீரபத்திரன் குகை வாசலில் நகத்தைத் தீட்டிக்கொண்டிருந்தது. செவ்வந்தி டேப்லெட்டை அதன் முன்னால் வைத்தாள்.

"ஐயா, நாளைக்குப் பரீட்சை. என் பொண்ணோடதை நீங்களே வச்சுக்குங்க. திருப்பிப் பாக்க வசதியா இருக்கும்."

"ஏம்மா, நாளைக்கு நான் உன் பொண்ணைத் தின்னப்போறேன்னு தெரியும்ல?"

"தெரியும்யா. அதுக்காகப் படிப்பை விட முடியுமா?" என்று சொல்லிவிட்டு, முன்னங்காலால் திரையை மெல்லத் தொட்டாள். "படிச்சுக் களைச்சுப் போனா இதையும் கொஞ்சம் பாருங்க."

திரையில் ஓடிய வீடியோவில் ஒரு பூனை வெள்ளரிக்காயைப் பார்த்து அலறி, எகிறிக் குதித்து, அலமாரியிலிருந்து விழுந்தது.

"அட! எங்க சித்தி மகன் மாதிரியே இருக்கான்!" என்று வீரபத்திரன் விழுந்து விழுந்து சிரித்தது. "இன்னொண்ணு இருக்கா?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்யா. அதுவே அடுத்ததைப் போடும்."

அதுவே அடுத்ததைப் போட்டது. அதற்கு அடுத்ததையும் போட்டது. அந்தக் குகை வாசலில்தான் சிக்னல் இல்லாத குறையே கிடையாதே.

மறுநாள் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள், அல்லி முயலின் டேப்லெட்டில் பங்கு போட்டுக்கொண்டாள். வீரபத்திரன் மேலே வரவில்லை. "வீரபத்திரன் ஆப்சென்ட்டா? நல்லா வந்துட்டிருந்த பையன்!" என்று மரகதம் டீச்சர் வருத்தப்பட்டார்.

பரீட்சை முடிந்தது. இறங்குவதற்குக் குகை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். செவ்வந்தி மகளைத் தன் வயிற்றோடு ஒட்டி நடத்திக்கொண்டு, அடிமேல் அடி வைத்து வந்தாள். ஒரு கூழாங்கல் உருண்டது. புலி லேசாகத் தலையைத் திருப்பியது. அல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஷ்ஷ்! ஓரமாப் போங்க, உங்க நிழல் திரையில விழுது... ஆங், அப்படித்தான், தள்ளிப் போங்க."

"ஐயா, பரீட்சை முடிஞ்சிடுச்சு" என்று ஆமைக்குட்டி வாய் தவறிச் சொல்லிவிட்டது.

"இதோ, இந்த ஒண்ணு மட்டும்" என்றது வீரபத்திரன்.

அதன் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கைக்கு எட்டிய தவளைகளை மட்டும் என்னவென்று பார்க்காமலே வாயில் போட்டுக்கொண்டது. ஒருமுறை மறதியில் ஒரு காட்டு முள்ளங்கியையும் தின்றது.

வெள்ளம் வடிந்தது. மரகதம் டீச்சர் ஆற்றைக் கடந்து வந்து, பாறை நிழலிலேயே மணலில் குச்சியால் எழுதிப் பாடம் நடத்தினார். அல்லி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். இப்போது அவளுக்கு டேப்லெட் இல்லை. முதலில் ரெண்டு நாள் சிடுசிடுத்தாள். பிறகு புல் தின்றாள். டீச்சர் குரலை உயர்த்தும்போதெல்லாம் குகையிலிருந்து, "கொஞ்சம் மெதுவா டீச்சர், டயலாக் கேக்கலை" என்று ஒரு குரல் வந்தது.

விஷயம் காடெங்கும் பரவியது. அம்மாக்கள் மந்திரியிடம் திரண்டுபோய்ச் சிறுத்தைக்கும், ஓநாய்க்கும், ஆற்று முதலைக்கும் டேப்லெட் கேட்டார்கள். முதலைக்குத் தண்ணீர் புகாத மாடலே வேண்டும் என்று செவ்வந்தி விடாப்பிடியாக நின்று வாங்கிக் கொடுத்தாள்.

அந்த வருஷ முடிவில் மந்திரி நரி கல்வி அறிக்கை வாசித்தார். "நம் காட்டு வரலாற்றில் முதல்முறையாக, பள்ளியிலிருந்து ஒரு பிள்ளைகூட இடையில் நிற்கவில்லை! எல்லாம் டேப்லெட்டின் மகிமை!" என்றார். அம்மாக்கள் எல்லோரும் மனதாரக் கைதட்டினார்கள்.

நீதி: கல்விக் கருவியைப் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்தால் பாதிப் பயன். அந்தப் பிள்ளையைத் தின்னக்கூடியவரிடம் கொடுத்தால் முழுப் பயன்.