பார்த்தாச்சு!

பழைய தலைநகர் எதற்காவது போயிருக்கிறீர்களா? அங்கே கோட்டை தப்பினாலும் கண்ணுக்குத் தப்பாதவர் 'பார்த்தாச்சு' ஆசாமி. நெற்றியில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி, கையில் நான்காக மடித்த பட்டியல், பின்னால் மூச்சிரைக்க ஒரு குடும்பம். மன்னர்கள் நாற்பது வருஷம் பாடுபட்டுக் கட்டியதை இவர் நாலு நிமிஷத்தில் முடித்துவிடுவார். முடிப்பது என்றால்? வாசலில் நின்று படம் எடுப்பது, உள்ளே நின்று படம் எடுப்பது, கழிப்பறை எங்கே என்று விசாரிப்பது, வெளியே வந்து 'டிக்' போடுவது. தீர்ந்தது சரித்திரம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இந்த இனத்தின் திலகம். காப்பீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். போன விடுமுறையில் மனைவி, மகள், மைத்துனர் குடும்பம் எல்லாரையும் இரண்டு வாடகைக் கார்களில் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பட்டியலில் முதல் நாள் பதினொரு இடம். மறுநாள் ஏழு.

மனைவி தையற்காரி. முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு இருபது வருஷமாகத் தெருவுக்கே துணி தைக்கிறவர். முதல் நாளே அரண்மனை அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ராணியின் பட்டு அங்கியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நின்றவர் நின்றவர்தான். "வா வா, நேரமாச்சு!" என்று நம்மவர் வாசலுக்குப் பாய்ந்தார். பின்னால் ஆள் வருகிறதா என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்? இந்தக் காரில் இருந்தவர்கள் அவர் அந்தக் காரில் இருப்பார் என்று நினைத்தார்கள். அந்தக் காரில் இருந்தவர்கள் இந்தக் காரில்.

இரண்டு இடம் தாண்டி மணிக்கூண்டின் முன் குடும்பத்தை வரிசையாக நிறுத்தினார்.

"ஓரம் காலியா இருக்கே. யாரு நிக்கணும் அங்க?"

"அப்பா, அம்மாவக் காணோம்!"

அம்மாவின் போனும் இவர் பையில்தான் இருந்தது. தன் போனில் படம் நிரம்பிவிட்டதால் வாங்கி வைத்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இந்த ஒரு படத்த முடிச்சிட்டு..."

"அத்தான், நீங்க மனுஷந்தானா?" என்று கத்தினார் மைத்துனர்.

அங்கே அந்த அம்மாள் வாசலுக்கும் கூடத்துக்குமாக ஓடி, காரைத் தேடி, அழுதும் முடித்திருந்தார். காவலுக்கு இருந்த பெண் தண்ணீர் கொடுத்து, தன் நாற்காலியையே கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்காரவைத்திருந்தாள். இவர்கள் வந்து சேர்ந்தபோது இரண்டு பெண்களும் தலையோடு தலை சேர்த்துப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்னால ரெண்டு இடம் போச்சு!" இதுதான் புருஷனின் முதல் வார்த்தை.

"ராணி குண்டாயிட்டாங்கங்க," என்றார் மனைவி. "இடுப்ப ரெண்டு தடவ பிரிச்சுத் தச்சிருக்கு. ரெண்டாவது தடவ ஏதோ அவசரம் போல, வேற நூல். தச்சவ கை நடுங்கியிருக்கு பாருங்க."

"அது எழுதிப் போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குப் பாக்கணும்?"

அந்த அம்மாள் தன் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை எல்லாரும் காரில் ஏறும்போது, "நான் வரல. அந்தத் துணிகிட்டயே போறேன். இன்னும் கைப்பக்கம் பாக்கல," என்றார். மகள் அம்மாவோடு இறங்கினாள். மைத்துனர் குடும்பமும் இறங்கியது.

நம்மவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? மனம் மாறினாரா? நல்ல கதை! தனியாகப் போய் ஏழு இடத்தையும் மத்தியானத்துக்குள் முடித்தார். தன் வாழ்க்கையிலேயே அவ்வளவு நிம்மதியான சுற்றுலா போனதில்லை என்று இன்றைக்கும் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரித்தாயிற்றா? சந்தோஷம். இப்போது உங்கள் போனை எடுங்கள். போன பயணத்தின் முந்நூறு படங்களில் ஏதாவது ஒன்றைத் திறந்து, அது எந்த இடம் என்று சொல்லுங்கள் பார்ப்போம். படத்தில் நிற்கும் உங்களைப் பற்றிக் கேட்கவில்லை ஐயா. உங்கள் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கிறதே ஒரு தூண், அது எந்த இடத்துத் தூண் என்று கேட்கிறேன்.