குருசாமி சாரைக் கூட்டிட்டு வந்த லட்சணம்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்க குருசாமி சாரை, ராஜபாளையத்துல இருக்க எங்க ஸ்கூலுக்கு பஸ்ல கூட்டிட்டு வரணும். அம்புட்டுத்தான்.

எங்க பிளஸ் டூ கிளாஸுக்கு ஃபேர்வெல். ஆறாவதுல இருந்து ஒண்ணா படிச்ச கூட்டம் நாங்க. ஆறாவதும் ஏழாவதும் எங்களுக்குக் கணக்கு எடுத்தவரு குருசாமி சார். கொரோனாவுக்கு ஸ்கூலை மூடுன வருஷம் அவரு ரிட்டையர் ஆனாரு. மாலை கிடையாது, சால்வை கிடையாது, ஒரு டீ கூட கிடையாது. பூட்டிக் கெடந்த ஸ்கூல்ல கையெழுத்தைப் போட்டுட்டு மாஸ்க்கோட வீட்டுக்குப் போயிட்டாரு.

"அவரைக் கூப்பிட்டு, அவருக்கும் சேத்து ஃபேர்வெல் குடுத்துருவோம்"னு எங்க கிளாஸ் லீடர் ராஜேஸ்வரி சொன்னா. எல்லாருக்கும் கண்ணு கலங்கிருச்சு. அப்பவே ஃபோன் போட்டா.

சாரும், "வாரேன்மா. ஆனா கண்ணு முன்ன மாதிரி இல்ல. கூட்டிட்டுப் போக ஆள் அனுப்புங்க"ன்னுட்டாரு.

ஆள் யாரு? நான்தான். எங்க வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்ல.

"ஏட்டி பவித்ரா, எப்பயும் போல சொதப்பிராத!"ன்னா ராஜேஸ்வரி.

"ஒரு ஆளைக் கூட்டிட்டு வாரதுல சொதப்ப என்னடி இருக்கு?"ன்னேன்.

இருந்துச்சு.

அன்னைக்குக் காலையில சித்தியோட பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு கிளம்புனேன். வாழ்க்கையில முத சேலை. உடம்பு பூரா ஊக்கு. மூச்சு விட்டா ஒண்ணு குத்துது, விடலைன்னா இன்னொண்ணு குத்துது. அந்த நிலமையில சார் வீட்டுக் கதவைத் தட்டுனேன்.

தொறந்தாரு. அதே மூக்கு. அதே மீசை, வெள்ளையா. அதே தடிச்ச கண்ணாடி.

"சார், வணக்கம் சார்! நான் பவித்ரா. சிக்ஸ்த் பி செக்‌ஷன்!"

மேலயும் கீழயும் பாத்தாரு. "ஆறாப்பு படிக்கிற புள்ள மாதிரி தெரியலையேம்மா."

சாருக்கு இம்புட்டு நகைச்சுவை உணர்வு உண்டான்னு ஆச்சரியமாப் போச்சு. "வளந்துட்டேன் சார். ஃபேர்வெல்லுக்குக் கூட்டிட்டுப் போக வந்துருக்கேன்."

"எங்க?"

"ராஜபாளையம், நம்ம ஸ்கூலுக்கு."

"சாப்பாடு உண்டா?"

"சிக்கன் பிரியாணி சார்."

"செத்த நேரம் நில்லு. சட்டையை மாத்திட்டு வாரேன்."

இப்ப யோசிச்சுப் பாக்கேன். அந்த மனுசன் ஒரு பொய் கூட சொல்லல. கடைசி வரைக்கும் சொல்லல. கேள்வி கேக்க வேண்டிய நான்தான் கேக்கல.

பஸ் ஸ்டாண்டுல சூடா பஜ்ஜியைப் பாத்ததும் நின்னுட்டாரு. எங்க குருசாமி சார் வெளியில பச்சத்தண்ணி குடிக்க மாட்டாரு. இவரு ரெண்டு பஜ்ஜியைத் தின்னுட்டு சட்னியை வழிச்சாரு. ரிட்டையர் ஆனா மனுசங்க மாறிருவாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

பஸ்ல பக்கத்துல உக்காந்து பழசையெல்லாம் எடுத்து விட்டேன்.

"சார், ஏழாம் வாய்ப்பாடு வரலன்னு என்னைய முட்டி போட வச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஏழாம் வாய்ப்பாடு யாருக்கும்மா வரும்?"

எனக்குக் கண்ணீரே வந்துருச்சு. இந்த ஒரு வார்த்தையை அன்னைக்கே சொல்லிருந்தா நான் காமர்ஸ் குரூப்புக்கே போயிருக்க மாட்டேனே!

ஸ்கூல் வாசல்ல மேளதாளம் இல்லாத குறைதான். பன்னீர் தெளிச்சு, சந்தனம் குடுத்து, மேடையில நடு நாற்காலியில உக்கார வச்சு சால்வையைப் போத்துனோம். ஹெச்.எம். மேடம் போன வருஷம் மாத்தலாகி வந்தவங்க. அவங்களுக்கு சாரைத் தெரியாது. பழைய ஆளுன்னு இருந்தது பி.டி. சார் மட்டுந்தான். அவரு பிரியாணி அண்டாவுக்குக் காவல் இருந்தாரு.

பொறவு ஒவ்வொருத்தரா மேடைக்கு வந்து ஆசீர்வாதம் வாங்க ஆரம்பிச்சாங்க. மொத ஆளு மாரிமுத்து. எங்க கிளாஸ்லயே சார் கிட்ட அதிகமா அடி வாங்குனவன்.

"சார், என்னையத் தெரியுதா?"

"தெரியலையேப்பா."

"எல்லாருந்தான் அப்படிச் சொல்லுதாங்க சார், ஒல்லியாயிட்டேன்." அவனே காரணமும் சொல்லிக்கிட்டான். அப்படியே கால்ல விழுந்து, "சார், மன்னிச்சிருங்க! உங்க ஸ்கூட்டர் காத்தை வாராவாரம் புடுங்கி விட்டது நான்தான்!"னு அழுதான்.

அவரு அவனைத் தூக்கி நிறுத்தி முதுகுல தட்டுனாரு. "நல்ல காரியம் பண்ணுன! அவனுக்கு வேணும்!"

'அவனுக்கு'ன்னா எவனுக்கு? பழைய கோவக்கார குருசாமியைச் சொல்லுதாருன்னு நாங்களா அர்த்தம் எடுத்துக்கிட்டோம். ஆகா, எம்புட்டுப் பக்குவம்! ஹால் பூரா கைதட்டல்.

அம்புட்டுத்தான், வரிசை மடமடன்னு நீண்டுருச்சு. எல்லாருக்கும் பாவத்தை எறக்கி வைக்க ஆசை வந்துருச்சு.

"சார், காணாமப் போன உங்க பிரம்பு எங்க வீட்டு அவரைப் பந்தலுக்கு முட்டுக் குடுத்து நிக்கு."

"சார், லாங் பெல்லை முன்னக்கூட்டியே அடிச்சு ஸ்கூலை விட்டது நாந்தான்."

"அடடா! உன்னைய மாதிரி ஒருத்தன் எங்க பட்டாளத்துல இருந்துருக்கணும்!"

பட்டாளமா? எனக்கு லேசா உறுத்துச்சு. அதுக்குள்ள ஒரு ஊக்கு குத்திருச்சு. உறுத்தலும் குத்தலும் ஒண்ணாச் சேந்து எது எதுன்னு தெரியாமப் போச்சு.

கடைசியா ராஜேஸ்வரி. எப்பயும் ஃபர்ஸ்ட் ரேங்க். அவ வந்து கண்ணைத் தொடச்சுக்கிட்டு, "சார், ஏழாவது அரைப்பரீட்சையில நான் மாரிமுத்து பேப்பரைப் பாத்து எழுதுனேன்"ன்னா.

மொத்த ஹாலும் அதிர்ந்துருச்சு. மாரிமுத்து பேப்பரையா! அவ பக்கத்துல இந்தப் பக்கம் நானும்தான் உக்காந்துருந்தேன். என் பேப்பரை அவ ஒரு ஆளா மதிக்கலைங்கிறதுதான் எனக்கு வருத்தம்.

பேச மைக்கைக் குடுத்தோம். எந்திரிச்சாரு.

"சின்ன வயசுல இருந்து வாத்தியாராகணும்னு எனக்கு ஆசை." கைதட்டல்.

"அந்த ஆசை இன்னைக்குத்தான் நெறவேறிச்சு." பலத்த கைதட்டல்!

"உங்களையெல்லாம் மொத தடவையா பாக்கேன். மனசு நெறஞ்சு போச்சு." விசில்!

அந்த விசில் சத்தத்துலதான் வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னது யாருக்கும் கேக்கல. அதுல இருந்து இன்னொரு குருசாமி சார் எறங்குனாரு.

அதே மூக்கு. அதே மீசை. தேச்ச வெள்ளைச் சட்டை. முகத்துல சிரிப்பு மட்டும் இல்ல. அதைப் பாத்த ஒடனே எங்க கிளாஸே தன்னால எந்திரிச்சு நின்னுச்சு. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. சிக்ஸ்த் பி-யில அந்த மொகத்துக்குத்தான் நாங்க எந்திரிப்போம்.

"யாரு என்னையக் கூட்டிட்டு வார பொறுப்பு?"

எல்லாக் கையும் என்னையக் காட்டுச்சு. ராஜேஸ்வரி ரெண்டு கையாலயும் காட்டுனா.

"சட்டையைத் தேச்சு வாங்கத் தெருமுனைக்குப் போனேன். வந்து வாசல்ல நிக்கேன், நிக்கேன், ஆளையே காணும். பக்கத்து வீட்டம்மா சொல்லுது, உங்க தம்பியை ஒரு சேலை கட்டுன புள்ள பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போச்சேன்னு!"

மேடையில இருந்தவரு தங்கசாமி. சாருக்கு ஒரு வயசு எளையவரு. பட்டாளத்துல இருந்து வந்து கூமாப்பட்டியில தோப்பு வச்சிருக்காரு. முந்தின நாள்தான் அண்ணன் வீட்டுக்கு வந்துருக்காரு.

"ஏன்டா, நான் அவரு இல்லன்னு சொல்ல வேண்டியதுதான?"

"யாருண்ணே கேட்டா? அந்தப் புள்ள வான்னுச்சு, வந்தேன்." சால்வையைக் கழத்தி அண்ணன் தோள்ல போட்டாரு. பொறவு மைக்கை மூடாமயே சொன்னாரு. "அண்ணே, உன் ஸ்கூட்டர் காத்தைப் புடுங்குனவன் அந்தா, தூணு பக்கத்துல நிக்கான். பிரம்பு அவரைப் பந்தல்ல இருக்கு. அந்த லீடர் புள்ள காப்பி அடிச்சிருக்கு."

ஆறாவதுல இருந்து நாங்க கட்டிக் காத்த ரகசியமெல்லாம் ஒரே மூச்சுல!

குருசாமி சார் மைக்கை வாங்குனாரு. எங்களை ஒரு தடவை சுத்திப் பாத்தாரு.

"நான் ரிட்டையர் ஆன அன்னைக்கு ஒரு புள்ளை மொகத்தைக் கூட பாக்காமப் போனேன். இம்புட்டு வருசமா அது எனக்கு ஒரு குறையாவே இருந்துச்சு." தோள்ல கெடந்த சால்வையை இழுத்து விட்டுக்கிட்டாரு. "இப்ப தம்பி சொன்னதைக் கேட்ட பொறவு, தப்பிச்சோம்னு தோணுது."

சொல்லிட்டுச் சிரிச்சாரு. சாருக்குப் பல்லு உண்டுன்னே எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரியும். சிரிக்கவும் முடியாம அழவும் முடியாம, நாங்க எல்லாரும் ரெண்டையும் சேத்துச் செஞ்சோம்.

"மாரிமுத்து, சாப்பிட்டுட்டு என்னையத் தனியா வந்து பாரு"ன்னாரு. மாரிமுத்து அன்னைக்குச் சாப்பிடவே இல்ல.

குரூப் ஃபோட்டோவுல நடுவுல ரெண்டு சார். திரும்பிப் போகும்போது துணைக்கு ஆள் வேணுமான்னு கேட்டேன். "நீ வர வேண்டாம்மா, நாங்க பத்திரமாப் போயிருவோம்"னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொன்னாங்க.

இப்ப எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல ரெண்டு பேருமே இருக்காங்க. தினமும் காலையில அண்ணன் ஒரு கணக்கு போடுதாரு. தம்பி அதுக்கு விடையை எங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ரகசியமா அனுப்பி வைக்காரு.

எல்லாமே தப்பு.